கோய் குளத்துக்கு ஷவர் ஃபில்டர்: கடற்கரை ஊரில் எந்த மீடியா நிற்கும்?

கோய் எனும் அலங்காரக் கெண்டை மீன் குளத்தில், போர் தண்ணீரில் ஆறு மாதம் ஓடிய ஒரு ஷவர் ஃபில்டரின் மேல் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். மேல் பக்கம் வெள்ளையாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும். திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய வழவழப்பு. அந்த வெள்ளை, தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு. வழவழப்பு, நமக்கு வேண்டிய பாக்டீரியா. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் மீடியா (பாக்டீரியா குடியிருக்க ஃபில்டரில் நிரப்பும் கல், பிளாஸ்டிக் போன்றவை) வாங்குகிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இந்தக் கல்லைத்தான். நுண்ணிய துளை எவ்வளவு இருந்தாலும் சுண்ணாம்பு ஏறினால் அடைந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு சீக்கிரம் அடையாது. அதனால் பாக்கெட்டில் அச்சடித்த பரப்பளவைப் பார்ப்பதற்கு முன், தண்ணீரும் காற்றும் சேர்ந்து உள்ளே இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷவர் செய்யும் வேலை

துளையிட்ட தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மீடியா நிரப்பி, மேலே ஒரு குழாய் வழியாகத் தண்ணீரைத் தெளித்து விடுவதுதான் ஷவர் ஃபில்டர். ஜப்பானின் மொமொதாரோ கோய் பண்ணை பரப்பிய 'பக்கி ஷவர்' இதன் பிரபலமான வடிவம். தட்டில் தண்ணீர் தேங்காது. மீடியா மேல் மெல்லிய படலமாக வழிந்து, அடுத்த தட்டில் சொட்டி, குளத்தில் விழும். வழியில் மூன்று வேலை நடக்கிறது: கரியமில வாயு வெளியேறுகிறது, ஆக்சிஜன் கரைகிறது, மீடியாவில் குடியிருக்கும் பாக்டீரியா, மீன் வெளியேற்றும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அம்மோனியா காற்றோடு பறந்து போய்விடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். குளத்தில் சாதாரணமாக இருக்கும் பி.எச். (அமில-கார) அளவில் அப்படிப் போவது மிகக் கொஞ்சம். பெரும்பங்கு வேலை பாக்டீரியாவுடையது.

ஷவர் அழுக்கைப் பிடிக்காது. பிடிக்க விடவும் கூடாது. கழிவும் மணலும் மேலே ஏறினால், இரண்டே மாதத்தில் மேல் தட்டு சேறாகும்.

நம் பகுதி வெயிலில் ஆக்சிஜன் விஷயம் சாதாரணமானதல்ல. 25 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. மீன் கேட்கும் அளவோ வெப்பம் ஏற ஏறக் கூடுகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியாவும் 4.57 கிராம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது. மூழ்கிய ஃபில்டரில் இந்த ஆக்சிஜன் குளத்துத் தண்ணீரிலிருந்துதான் போக வேண்டும். ஷவரில் அது நேராகக் காற்றிலிருந்தே கிடைக்கிறது. இந்த ஊர் வெயிலுக்கு ஷவர் பொருந்திப்போவதற்கு முதல் காரணம் இதுதான்.

எவ்வளவு மீடியா வேண்டும்

குளத்தின் கொள்ளளவை வைத்து மீடியா கணக்கிடுவது தவறு. போடும் தீனியை வைத்துக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக 10,000 லிட்டர் குளத்தில் ஆளுக்கு ஒரு கிலோ எடையுள்ள 10 கோய். உடல் எடையில் 2 சதவீதம் என்றால் நாளைக்கு 200 கிராம் தீனி. தீனியில் 40 சதவீதம் புரதம் இருந்தால், 200-ஐ 0.40-ஆலும், பிறகு புரதத்தில் அம்மோனியா நைட்ரஜனாக வெளிவரும் பங்கான 0.092-ஆலும் பெருக்குங்கள். நாளொன்றுக்குச் சுமார் 7.4 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். தண்ணீரில் அம்மோனியா பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளைக்கு 0.2 கிராம்தான் மாற்றும் என்று குறைத்தே வையுங்கள். அப்போது 37 சதுர மீட்டர் பரப்பு தேவை. 25 முதல் 40 மில்லிமீட்டர் வரையுள்ள கல்லுக்கு, உள் துளைகளைக் கணக்கில் சேர்க்காமல், கனமீட்டருக்கு ஏறத்தாழ 100 சதுர மீட்டர் என்று எடுத்தால் 370 லிட்டர் மீடியா. உள் துளைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்; அவை எப்படியும் சுண்ணாம்பில் அடைபடப் போகின்றன.

மீடியா வகைகள்

எரிமலைக் கல், அதாவது கடைகளில் 'லாவா ராக்' என்று கிடைப்பது, விலைக்கும் வேலைக்கும் பொருந்திய தேர்வு. 25–40 மில்லிமீட்டர் அளவையே கேளுங்கள். மூட்டையின் அடியில் கிடக்கும் பொடியை அரை அங்குலச் சல்லடையில் சலித்துத் தள்ளிவிட்டு, கழுவும் தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். நாலைந்து கல்லில் வினிகர் சொட்டுவிட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். 

ஷவருக்கென்றே சுட்ட செராமிக் துண்டுகளும் குழாய் வடிவ மீடியாவும் நன்றாகவே வேலை செய்யும். இடைவெளி அதிகம், எளிதில் நொறுங்காது. ஆனால் விலை பலமடங்கு. மேல் தட்டில் அதைப் போட்டால் காசு சுண்ணாம்புக்குள் புதையும். வாங்கினால் இரண்டாம் தட்டிலிருந்து கீழே வையுங்கள்.

பயோ பால் (bio ball) என்னும் பிளாஸ்டிக் உருண்டை லேசானது, கழுவச் சுலபம், அடையாது. 30–40 மில்லிமீட்டர் உருண்டைகள் மேல் தட்டுக்கு மிகப் பொருத்தம். சுண்ணாம்பு ஏறினால் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து மறுபடி பயன்படுத்தலாம். அதன் வழவழப்பான பிளாஸ்டிக்கில் பாக்டீரியா பிடிக்கத்தான் கொஞ்சம் நாளாகும்.

கே1 (K1) என்னும் சிறு பிளாஸ்டிக் குழாய் மீடியா கனமீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு கொண்டது என்பதால் ஷவர் தட்டில் கொட்டுகிறார்கள். அது தண்ணீருக்குள் காற்றோட்டத்தில் புரண்டுகொண்டே இருப்பதற்காகச் செய்த மீடியா. உரசி உரசித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அசையாமல் தட்டில் கிடந்தால் அந்தச் சிறு குழாய்கள் மண்டியால் அடைந்து, தண்ணீர் ஓரமாக வழிந்து இறங்கிவிடும். வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை ஒரு டிரம்மில் ஏர் பம்ப்போடு ஓட்டுங்கள்.

இனி, இங்கே சும்மாவோ மலிவாகவோ கிடைக்கிறது என்று பலர் போடுபவை.

கரிக்கட்டை. சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேல் மூட்டம் போட்டு எடுக்கும் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அடுப்புக்கு அருமையான கரி, ஷவருக்கு ஆகாது. அதில் ஒட்டியிருக்கும் சாம்பல் பி.எச்.-ஐ ஏற்றும். தண்ணீர் விழ விழ ஓரங்கள் உதிர்ந்து கறுப்புத் தூள் கீழ்த் தட்டுகளை அடைக்கும். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் போல அது பதப்படுத்தப்பட்டதும் அல்ல.

பவளக்கல். கரையில் ஒதுங்கியதாக இருந்தாலும் தொடாதீர்கள். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். குளத்துக்கும் அதனால் பயனில்லை. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் இன்னும் சுண்ணாம்பு எதற்கு?

ஜியோலைட் என்னும் கனிமக் கல். நல்ல தண்ணீரில் அம்மோனியாவை உறிஞ்சும். உப்பு சேர்ந்தால் உறிஞ்சியதைத் திருப்பிக் கக்கும். உப்புப் போட்டுத்தான் அதைப் புதுப்பிக்கவே செய்கிறார்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் இடத்தில் அது உறிஞ்சுவது குறைவு. மீனுக்கு மருந்தாக உப்புப் போடும் அன்று மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விட்டுவிடும்.

உடைந்த செங்கல், ஓடு. நன்றாக வெந்த ஓட்டுத் துண்டுகள் பரவாயில்லை. ஒரு நாள் வாளியில் ஊறவைத்து, இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தேயுங்கள். சிவப்புச் சேறு வந்தால் வேண்டாம். தேங்காய் நார் அழுகும், சாயம் இறங்கும். பழைய மீன் வலையில் டீசல், எண்ணெய் வாடை இருக்கும். வலைக் கடையில் வெட்டி ஒதுக்கிய புது நைலான் வலையைக் கழுவி, தளர்வாகச் சுருட்டி அடித்தட்டில் வைத்தால் அது உண்மையிலேயே நல்ல மீடியா.

அந்த 10,000 லிட்டர் குளத்துக்கு ஒரு அமைப்பு

தட்டுக்கு மீன் பெட்டியையே எடுங்கள். மீன் இறங்குதளங்களில் புழங்கும் 60 × 40 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்டி, சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், பக்கச் சுவர் மூடியது. காய்கறி கிரேட் வேண்டாம். பக்க ஓட்டை வழியே தண்ணீர் வெளியே தெறிக்கும். அடியில் 10 மில்லிமீட்டர் டிரில்லால் 4 சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை போடுங்கள். பெட்டி ஒன்றுக்குச் சுமார் 140 ஓட்டை வரும். சிரமமான வேலைதான், ஆனால் இதில் குறைத்தால் தட்டில் தண்ணீர் தேங்கும். பெட்டிக்குள் 20 சென்டிமீட்டர் உயரம் மீடியா நிரப்பினால் 48 லிட்டர். நான்கு பெட்டி கொண்ட இரண்டு அடுக்குகள், மொத்தம் 384 லிட்டர். கணக்குச் சரியாக வந்துவிட்டது.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று அங்கேதான் நுழைகிறது. மேல் தட்டில் பயோ பால், மற்ற மூன்றிலும் லாவா. நனைந்த லாவா நிறைந்த ஒரு பெட்டி 50 கிலோவை நெருங்கும் என்று வைத்துக்கொண்டு தாங்கி அமையுங்கள். கடற்கரை மணலில் நேராக வைத்தால் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த அடுக்கில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிப் பாதி மீடியா காய்ந்து கிடக்கும். 10 சென்டிமீட்டர் கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரும்புச் சட்டம் உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து விழும். 304 எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும். எஃப்.ஆர்.பி. (ஃபைபர் கிளாஸ்) சட்டம் அல்லது 316 எவர்சில்வர் வாங்குங்கள். போல்ட், நட்டும் 316-ஆகவே இருக்கட்டும்.

தெளிப்புக் குழாய்க்கு ஒவ்வொரு அடுக்கின் மேலும் 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், 60 சென்டிமீட்டர் நீளம். அதில் 8 மில்லிமீட்டர் ஓட்டை 16, இரண்டு வரிசையாக, கீழ்நோக்கிச் சரிந்த கோணத்தில். ஓட்டைகளின் மொத்தப் பரப்பு குழாயின் குறுக்குப் பரப்பைவிடக் குறைவாக இருந்தால்தான் கடைசி ஓட்டை வரை சமமாகத் தண்ணீர் வரும். 3, 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டால் பார்க்க அழகாகத் தூறும், சுண்ணாம்பு அடைக்கும். முனையில் ஒட்டாமல் திருகும் மூடி போடுங்கள். உள்ளே பிரஷ் விட வேண்டிய நாள் கட்டாயம் வரும்.

பம்ப் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் எண், தண்ணீரைத் தூக்காமல் அளந்தது. இங்கே தெளிப்புக் குழாய் குளத்து நீர்மட்டத்திலிருந்து 1.6 மீட்டருக்கு மேல் இருக்கும். வளைவுகளையும் சேர்த்து 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மணிக்கு 6,000 லிட்டர் தரும் பம்ப் வேண்டும். பம்ப்போடு வரும் வரைபடத்தில் அந்த உயரத்துக்கான அளவைப் பாருங்கள். மாட்டிய பிறகு 20 லிட்டர் வாளியை ஒரு தெளிப்புக் குழாய்க்குக் கீழே பிடியுங்கள். 24 வினாடியில் நிறைந்தால் அந்த அடுக்குக்கு மணிக்கு 3,000 லிட்டர் வருகிறது. இந்த அளவை எழுதி வையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அளந்து, 30 வினாடியைத் தாண்டினால் குழாயோ பம்ப்போ அடைகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பம்ப்புக்கு முன்னால் அழுக்குப் பிரிக்க வேண்டும். குளத்தின் அடி வடிகாலிலிருந்து வரும் தண்ணீரை இரண்டு 200 லிட்டர் டிரம்களில் பிரித்து, ஓரமாகச் சுழலும்படி உள்ளே விடுங்கள். ஒரே டிரம்மில் 6,000 லிட்டரும் போனால் வேகம் அதிகம், கழிவு அடியில் படியாது. அடியில் ஒரு வால்வு வைத்துத் தினமும் திறந்துவிடுங்கள். அடுத்து பிரஷ் அல்லது ஸ்பாஞ்ச் உள்ள மூன்றாவது டிரம், அதில் பம்ப். பம்ப்பைக் குளத்திலேயே போட்டு ஷவருக்கு ஏற்றுவது பலர் செய்யும் பிழை. பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் மீன் கழிவைக் கூழாக அரைத்துவிடும், பிறகு எந்தச் சல்லடையாலும் பிடிக்க முடியாது.

கச்சான் காற்றும் உப்பும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கு, தென்மேற்குப் பக்கம் தடுப்பு இல்லாத ஷவர் குளத்தைவிடத் தோட்டத்துக்குத்தான் அதிகம் தண்ணீர் பாய்ச்சும். அந்தப் பக்கங்களில் எஃப்.ஆர்.பி. தகடு கட்டுங்கள். நாலு பக்கமும் பெட்டி போல மூடிவிடாதீர்கள். காற்று வராவிட்டால் கரியமில வாயு உள்ளேயே சுற்றும். அடியிலும் உச்சியிலும் 10 சென்டிமீட்டர் திறந்திருக்கட்டும். மேலே வெயில் படாமல் கூரை போட்டால் பாசியும் பிடிக்காது.

ஷவர் ஆவியாக விடும் தண்ணீரில் உப்பு போவதில்லை. நாளைக்கு 100 லிட்டர் ஆவியாகி, அதை டி.டி.எஸ். (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,500 உள்ள போர் தண்ணீரால் ஈடு செய்தால், தினமும் 150 கிராம் உப்பு குளத்தில் சேர்கிறது. 10,000 லிட்டரில் இது மாதத்துக்கு 450 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) ஏற்றம். வாரம் 1,000 லிட்டர் மாற்றினால் டி.டி.எஸ். ஏறி 2,550 அருகில் நின்றுவிடும். 2,000 லிட்டர் மாற்றினால் 2,025-இல் நிற்கும். கோய் இதைத் தாங்கும். தண்ணீரே மாற்றாமல் மேலே ஊற்றிக்கொண்டே போகிற குளத்தில்தான் எண் நிற்காமல் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் இந்தக் கவலை பாதி குறையும்.

மழைநீர், ஊருணித் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வைத்துக் குளம் ஓட்டினால் பிரச்சினை எதிர்ப்பக்கம். பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7.14 கிராம் காரத்தன்மையைத் தின்கிறது. மேலே சொன்ன குளத்தில் நாளைக்குச் சுமார் 53 கிராம், அதாவது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல். இருப்பே 30 மில்லிகிராம்தான் என்றால் ஒரு வாரத்துக்குள் பி.எச். சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும். தினம் 90 கிராம் ஆப்ப சோடாவை வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது அந்த இழப்பை ஈடு செய்யும். போர் தண்ணீரில் ஒரு பங்கைக் கலந்துவிடுவது இன்னும் எளிது.

காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். குளோரின் 1 பி.பி.எம். இருந்தால் 1,000 லிட்டருக்கு 7 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் கலந்த பிறகே குளத்தில் விடுங்கள். அந்தத் தண்ணீரில் மீடியாவைக் கழுவுவதும் கூடாது.

முதல் ஆறு வாரம்

புது மீடியாவில் பாக்டீரியா முழுதாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் நோயில்லாத குளத்திலிருந்து ஒரு வாளி பழைய மீடியா கிடைத்தால் இரண்டாம் தட்டில் கலந்து வையுங்கள், நாள் குறையும். இந்தக் காலத்தில் தீனி கால் பங்குதான். ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள்.

இங்கே ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை ஷவர் விரட்டியதும் பி.எச். 8-ஐத் தாண்டி 8.3, 8.4 வரை ஏறி நிற்கும். 30 டிகிரியில், பி.எச். 7.5 என்றால் அம்மோனியாவில் 2.5 சதவீதம்தான் நச்சு வடிவம். 8-இல் அது 7 சதவீதம், 8.5-இல் 20 சதவீதம். டெஸ்ட் கிட்டில் வேறு ஊர்க்காரருக்கு "பரவாயில்லை" என்று தெரியும் அதே நிறம், இங்கே மீனின் செவுளைச் சுடும் அளவாக இருக்கலாம். அம்மோனியா 0.5 பி.பி.எம். காட்டினாலே தீனியை நிறுத்தி, கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பி.எச்.-ஐக் குறைக்க அமிலம் ஊற்ற வேண்டாம்; ஷவர் அதை மறுபடி மேலே தள்ளும், ஏறி இறங்கும் பி.எச். மீனுக்கு இன்னும் கெடுதல்.

நைட்ரைட் ஏறினால் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ உப்புப் போடுவது வழக்கம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கிறது. உங்கள் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது என்றால் அந்தக் குளோரைடு ஏற்கெனவே இருக்கிறது. டி.டி.எஸ். பார்க்காமல் மேலே கொட்டாதீர்கள்.

ஓடும் காலத்தில்

தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தேங்கினால் அந்தத் தட்டை மட்டும் இறக்கி, குளத்துத் தண்ணீர் பிடித்த பெரிய டப்பில் முக்கி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஒரு நாளில் ஒரு தட்டுதான். அடுத்ததற்கு இரண்டு வாரம் பொறுங்கள். தெளிப்புக் குழாயையும் மேல் தட்டு பயோ பாலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசி மாட்டுங்கள். பயோ பாலில் பாக்டீரியா போய்விடும், கீழே மூன்று தட்டு இருப்பதால் குளம் தாங்கும். அந்தக் கரைசலில் ஒரு சொட்டும் குளத்தில் விழ வேண்டாம்.

தட்டுகளைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில், அந்துப்பூச்சி போன்ற சின்ன ஈக்கள் தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். அதன் புழு மீடியாவின் வழவழப்பைத் தின்று வாழ்வது, கடிக்காது. குளத்தில் விழுகிற புழுவைக் கோய் தின்றுவிடும். ஈ திடீரெனப் பெருகினால் மீடியாவில் மண்டி சேர்ந்திருக்கிறது என்று பொருள், டிரம்களைப் பாருங்கள்.

மின்சாரம் போனால் ஷவரின் பாக்டீரியா மூழ்கிய ஃபில்டரில் உள்ளதைப் போல மூச்சடைத்துச் சாகாது. ஈர மீடியா காற்றில்தானே இருக்கிறது; நிழல் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும் நாளில் மட்டும் இரண்டு மணிக்கொருமுறை ஒரு வாளி குளத்துத் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். மீன்தான் தாங்காது. குளத்துக்கு ஆக்சிஜன் வந்துகொண்டிருந்ததே அந்த விழும் தண்ணீரால்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஏர் ஸ்டோனோடு மாட்டியே வைத்திருங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாளில் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும், அன்றைக்குத் தீனியும் போட வேண்டாம்.